அந்த இருபத்துமூன்று வருடக் கதை உங்களிடம்தான் இருக்கிறது: வன்னிப் பாதையோர ஊர்களுக்கு ஒரு திறந்த மடல்

தாண்டிக்குளம், ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என்று ரயில் பாதையோரத்தில் வாழும் உறவுகளுக்கு. அங்கிருந்து ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் சூரிச்சுக்கும் இலண்டனுக்கும் போய்விட்டவர்களுக்கு. அந்தப் பாதையில் கடமை பார்த்து ஓய்வுபெற்று, இன்று நாட்டின் எந்த மூலையிலோ இருக்கும் நிலைய அதிபர்களுக்கும் பாதைத் தொழிலாளர்களுக்கும்:



மாங்குளம் ஸ்ரேசனின் கதையைத் திகதிகளாக அடுக்கினால் அது இரண்டு துண்டாகத்தான் வரும். முதல் துண்டு, பாதை திறந்த 1905 ஓகஸ்ட் 1இல் தொடங்கி 1990 யூன் 13இல் நிற்கிறது. இரண்டாவது, கிளிநொச்சி வரை பாதை மீளத் திறந்த 2013 செப்ரெம்பர் 14இல் தொடங்கி இன்றுவரை வருகிறது. நடுவில் இருபத்துமூன்று வருடமும் மூன்று மாதமும். அந்தக் காலத்தில் மாங்குளத்துக்கு ரயில் வரவில்லை. ஆகவே நேர அட்டவணை இல்லை, ரிக்கற் விற்ற கணக்கு இல்லை, கடமைப் புத்தகம் இல்லை. புகையிரதத் திணைக்களத்தைப் பொறுத்தவரை அது ஒரு சேவை இடைநிறுத்தம், அவ்வளவுதான்.

உங்களுக்கு அது அப்படியா? ஸ்ரேசன் அங்கேதான் இருந்தது. நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். அல்லது அதன் பக்கத்தால் மூட்டை முடிச்சோடு ஓடிப்போய்த் திரும்பி வந்தீர்கள். தண்டவாளம் எந்த வருடம் போனது, சிலிப்பர் கட்டைகள் எந்தப் பங்கருக்குப் போயின, மேடையில் எந்த ஊர்ச் சனம் பாய் விரித்தது, சுவரில் முதல் ஓட்டை எந்தச் சண்டையில் விழுந்தது என்பதெல்லாம் உங்கள் வாயில்தான் இருக்கிறது. ஒரு நிலையத்தின் வாழ்நாளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு அதை நடத்திய திணைக்களமே சாட்சி இல்லை. சாட்சி நீங்கள். அதைச் சொல்லுங்கள், எழுதித் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கேட்பதற்கு முன்னால் ஒரு மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். வடபகுதிப் பாதையின் கதை சொல்லப்படும் இடங்களிலெல்லாம் வன்னி ஓர் இடைவெளியாகவே வருகிறது. தொடக்கமே அப்படித்தான். பாதை வேண்டுமென்று குரல் கொடுத்தவர்கள் யாழ்ப்பாணத்தார். முடிவெடுத்தவர்கள் கொழும்பில் இருந்த ஆங்கிலேயர். ஆளுநர் வெஸ்ட் றிட்ஜ்வே காலத்தில், 1900இல் வேலை தொடங்கியது. 1902 மார்ச் 11இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ரயில் ஓடியது. அதே வருடம் அது பளை வரை நீண்டது. தெற்கிலிருந்து வந்த பாதை 1904 நவம்பரில் அனுராதபுரத்தைத் தொட்டது. இரண்டு முனையிலும் ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் நடுவே மிஞ்சி நின்றது உங்கள் காடு. அதைத் தாண்டிய பிறகுதான் 1905 ஓகஸ்டில் கொழும்பும் யாழ்ப்பாணமும் இணைந்தன. வன்னிக்காகப் பாதை போடப்படவில்லை. வன்னியைக் கடப்பதற்காகப் போடப்பட்டது.

அந்தக் காடு அன்று எப்படி இருந்தது என்பதற்கு, பாதை வர பத்து வருடம் முன்னால், 1895இல், ஜே. பி. லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி எழுதிய வன்னி மாவட்டங்களின் கைநூல் இருக்கிறது. உடைந்த குளங்களும் காய்ச்சலும் மெலிந்துபோன ஊர்களுமாக விரிகிற புத்தகம் அது. ரயில் வந்த கையோடு இவையெல்லாம் மாறிவிடவில்லை. இரணைமடுக் குளம் கட்டி, காணி கொடுத்து, ஆட்களைக் குடியேற்றிய பிறகுதான் கிளிநொச்சி ஊரானது. ஆனால் அப்படிக் குடியேறியவர்களுக்கு வெளியுலகத்தோடு இருந்த தொடர்பு அந்த ஒற்றைப் பாதைதான். நெல் போனது, மரம் போனது, விறகு போனது. ஆனையிறவு உப்பளத்தின் உப்பிலிருந்து பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்தது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குப் போகிறவர்கள் மாங்குளத்திலோ பரந்தனிலோ இறங்கி முல்லைத்தீவுப் பஸ்ஸைப் பிடித்தார்கள். மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான் என்று உள்ளே கிடந்த ஊர்களுக்கெல்லாம் கொழும்புக் கடிதமும் கொழும்புப் பெட்டியும் மாங்குளம் வழியாகத்தான் வந்தன.

இதெல்லாம் எந்தக் கட்டுரையில் வருகிறது? 1956 ஏப்ரல் 23இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அதைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். பெரும்பாலும் யாழ்ப்பாணத்தில் ஏறிக் கோட்டையில் இறங்கியவர்கள் எழுதியவை. அவர்கள் கட்டிக்கொண்டு போன இடியப்பமும் கட்டுச்சோறும் அவற்றில் வரும். கோட்டையில் இறங்கியதும் கண்ட கொழும்பு வரும். வன்னியோ ஜன்னலுக்கு வெளியே ஓடும் காடு, வண்டி நிற்கும் இரண்டு நிமிடம், மேடையில் கூவி விற்கும் ஒரு குரல். கூவியவரின் கதையை அவர்கள் எழுதவில்லை என்று கோபிக்க முடியாது. அவர்கள் தங்கள் பயணத்தை எழுதினார்கள். மேடையில் நின்றவர்களின் கதையை மேடையில் நின்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்த மேடையில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் வந்துவிடக் கூடாது. அதற்காக ஒவ்வொரு ஸ்ரேசனிலும் ஒரு டப்லெட் இயந்திரம் இருந்தது. அடுத்த ஸ்ரேசனோடு மணியடித்துப் பேசி, பாதை காலி என்று அங்கிருந்து பதில் வந்த பிறகுதான் இந்த இயந்திரம் ஒரு வட்டத் தகட்டை வெளியே விடும். அந்தத் தகட்டைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையம் ஒன்றில் மாட்டி, மேடை ஓரத்தில் ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். நிற்காமல் போகும் வண்டியின் எஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு அதைப் பறித்துக்கொள்ளும். முந்தைய பகுதிக்குரிய வளையம் மேடையில் வந்து விழுந்து உருளும். அந்த வளையம் கையில் இல்லாமல் எந்தச் சாரதியும் அடுத்த பகுதிக்குள் வண்டியை விட மாட்டார். பொழுதுபடும் நேரத்தில் ஒருவர் ஏணியில் ஏறிக் கைகாட்டி மரத்து விளக்குக்கு மண்ணெண்ணெய் விட்டு வருவார். இன்று இருப்பவை வண்ண விளக்குகள். வளையம் நீட்டியவர், விளக்கேற்றியவர், கேற்றுப் பூட்டியவர் என்று உங்கள் ஊரில் யார் யார் இருந்தார்கள்? அவர்களின் பிள்ளைகள் உங்களுக்குள் இருக்கிறார்கள்.

புலம்பெயர்ந்தவர்களே, உங்களுக்கு ஒரு சின்ன விடயம். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1950களில் கனடா இலங்கைக்குத் தந்த டீசல் எஞ்சின்களுக்குக் கனடாவின் மாகாணப் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். 569ஆம் இலக்க எஞ்சினின் பெயர் ஒன்ராறியோ. அந்தப் பெயருக்குரிய மண்ணிலேயே பிறகு வீடு வாங்கிக் குடியிருக்கும் வன்னிக் குடும்பங்கள் எத்தனை! உங்கள் பழைய அல்பங்களில், கலியாணத்துக்கோ பயணத்துக்கோ புறப்பட்ட படங்களின் பின்னணியில், ஸ்ரேசன் பெயர்ப்பலகையோ மேடையோ எஞ்சினோ விழுந்திருக்கக் கூடும். ஊரிலிருந்த அல்பங்கள் இடப்பெயர்வுகளில் போய்விட்டன. 1990க்கு முன் வெளிநாடு போன கடிதங்களோடு போன படங்கள்தான் மிஞ்சியிருக்கும். அவை உங்களிடம் இருக்கின்றன.

ஸ்ரேசனின் கதையில் இன்னொரு வகைப் பயணிகளும் இருக்கிறார்கள். 1977 கலவரத்திலும் 1983 கலவரத்திலும் அடிபட்டு மலையகத்தை விட்டுப் புறப்பட்டவர்களில் பெருந்தொகையானோர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். அவர்களில் எந்தக் குடும்பங்கள் ரயிலில் வந்தன, எந்த மேடையில் இறங்கின, முதல் இரவு எங்கே கழிந்தது? மலையகத்திலிருந்து வந்து இன்று வன்னிக்காரராகிவிட்ட அண்ணைமாரே, அக்காமாரே, இந்தக் கேள்வி உங்களுக்கு. ஊரின் வரலாற்றைச் சொல்லும்போது உங்களைக் கடைசி வரியில் சேர்க்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. இந்த முயற்சியிலாவது அது வேண்டாம்.

பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரிந்தவை என்று நினைக்கிறோம். 1985 ஜனவரி 19இல் முறிகண்டிக்கு அருகே யாழ்தேவி குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. படையினரும் பொதுமக்களும் இறந்தார்கள். 1990 யூன் மாதம் மீண்டும் போர் வெடித்தது. யூன் 13உடன் ரயில் நின்றது. அன்று மாங்குளத்தில் வண்டிக்காகக் காத்திருந்தவர்களுக்கு இனி வராது என்று யார் சொன்னார்கள்? நிலைய அதிபர் எப்போது புறப்பட்டுப் போனார்? சாவியை யாரிடம் கொடுத்தார்? வரலாற்றுப் புத்தகம் இந்தக் கேள்விகளைக் கேட்காது. ஊர் கேட்கலாம்.

அதற்குப் பிந்திய வருடங்களில் இந்த ஊர்களின் பெயர்கள் உலகத்துக்குத் தெரிந்தன. ஆனால் ஸ்ரேசன்களாக அல்ல. ஏ9 வீதியும் ரயில் பாதையும் பக்கம் பக்கமாக ஓடுவதால், யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி பிடிக்க நினைத்த ஒவ்வொரு படை நடவடிக்கையும் உங்கள் மேடைகளின் மேலால்தான் போனது. 1997 மே 13இல் தொடங்கிய ஜெயசிக்குறு, தாண்டிக்குளத்தையும் ஓமந்தையையும் புளியங்குளத்தையும் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் ஏற்றியது. மாங்குளம் 1990 நவம்பரில் புலிகளிடமும், 1998 செப்ரெம்பர் இறுதியில் இராணுவத்திடமும், 1999 நவம்பரில் மீண்டும் புலிகளிடமும், 2008 நவம்பரில் மீண்டும் இராணுவத்திடமும் போனது. நான்கு தடவை கைமாறிய ஊர். ஒவ்வொரு தடவையும் யார் பிடித்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்பதை இரண்டு தரப்பும் எழுதி வைத்திருக்கின்றன. அந்த நான்கு தடவையும் சனம் எந்தப் பக்கத்தால் ஓடியது, எங்கே போய் நின்றது, திரும்பி வந்தபோது ஸ்ரேசனில் எது மிஞ்சியிருந்தது என்பதை எழுத எந்தத் தரப்புக்கும் நேரம் இருக்கவில்லை.

தண்டவாளம் எங்கே போனது என்று பிள்ளைகள் கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்கள். பதில் எல்லோருக்கும் தெரியும்: மண்ணுக்குள். இரண்டு தரப்பும் காவலரண்களுக்குக் கழற்றின. சனமும் எடுத்தது. பங்கர் வெட்டத் தெரிந்த ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், கணக்காகச் சொல்வார். ஆளுயரத்துக்கு ‘ட’ வடிவில் குழி வெட்ட வேண்டும். நேர்க்குழியாக இருந்தால் வாசலில் விழும் ஷெல்லின் துண்டுகள் உள்ளே இருப்பவர்களைத் தேடி வரும். மேலே குற்றிகளை அடுக்க வேண்டும். தென்னங்குற்றி உக்கும், பனங்குற்றி கொஞ்சம் தாங்கும், சிலிப்பர் கட்டை கிடைத்தால் அதிர்ஷ்டம், தண்டவாளத் துண்டு இரண்டு குறுக்கே போட முடிந்தால் அதற்கு மேல் பாதுகாப்பு இல்லை. அதன்மேல் தகரம், தறப்பாள், பிறகு மண்மூட்டை. கடைசிக் காலத்தில் மூட்டைக்கு உரப்பை இல்லாமல் சேலைகளைக் கிழித்துத் தைத்தார்கள். கொழும்புக்கு ஆட்களை ஏற்றிப் போவதற்காக வெள்ளைக்காரன் போட்ட இரும்பு, போட்டவன் நினைத்தே பாராத வேலையொன்றைச் செய்து பிள்ளைகளைக் காப்பாற்றியது. புகையிரத வரலாறு என்று இருந்தால் இதுவும் அதற்குள் வர வேண்டாமா?

தண்டவாளம் போன பாதை வேறு விதமாகவும் உழைத்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லை. உள்ள மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடியது. சைக்கிள்தான் எல்லாம். மாரியில் சுற்றிவர வெள்ளம் நின்றாலும் ரயில் அணை மேடாக நின்றது. அதன் வழியே நோயாளியும் போனார், விறகும் போனது, பள்ளிப் பிள்ளைகளும் போனார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டவர்களில் பெருந்தொகையானோர் கிளாலிக் கடல் கடந்து வன்னிக்குள் வந்தபோது, கூரை என்று எது இருந்ததோ அதன் கீழெல்லாம் ஆட்கள் இருந்தார்கள். பாடசாலைகளில், கோயில் மண்டபங்களில், தறப்பாளின் கீழ், மரத்தின் கீழ். உங்கள் பாடசாலை மணியை நினைத்துப் பாருங்கள்: கம்பியில் கட்டித் தொங்கவிட்ட ஒரு முழத் தண்டவாளத் துண்டு, அடிக்க ஓர் இரும்புப் பூண். அது எந்த இடத்திலிருந்து வந்தது, யார் வெட்டினார்கள், இன்று எங்கே என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

இதையெல்லாம் இப்போது ஏன் கேட்க வேண்டும் என்றால், கண்ணுக்குத் தெரிந்த தடயம் ஒன்றும் மிஞ்சவில்லை என்பதால்தான். போர் முடிந்ததும் ரயில் தெற்கிலிருந்து படிப்படியாக ஏறி வந்தது. 2009 யூனில் தாண்டிக்குளம். 2011 மே மாதம் ஓமந்தை. கண்ணிவெடி அகற்றிய நிலத்தில், இந்தியக் கடனுதவியோடு, இந்தியாவின் இர்கொன் நிறுவனம் ஓமந்தையிலிருந்து பளை வரை 90 கிலோமீற்றருக்குப் புதிதாகப் பாதை போட்டது. 2013 செப்ரெம்பர் 14இல், வட மாகாணசபைத் தேர்தலுக்குச் சரியாக ஒரு கிழமை இருக்கும்போது, கிளிநொச்சிக்கு ரயில் வந்தது. 2014 மார்ச் 4இல் பளை, ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரி 2இல் காங்கேசன்துறை. 1902இல் வடக்கிலிருந்து வந்த பாதை நின்ற அதே பளையில் 2014இல் தெற்கிலிருந்து வந்த பாதை சில மாதம் நின்றது.

ரயில் வந்தது நல்லது. அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் புதிய கொங்கிறீற் சிலிப்பரும் புதிய மேடையும் புதிய கட்டடமும் வந்தபோது, நின்றுபோயிருந்த காலம் முழுவதும் ஒரேயடியாகத் துடைக்கப்பட்டது. இன்று மாங்குளத்தில் இறங்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த ஸ்ரேசன் தன்னைவிடக் கொஞ்சம் இளையது போலத்தான் தெரியும். தனுஷ்கோடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1964 டிசெம்பர் புயல் அந்த ரயில் நிலையத்தை அடித்துப்போட்டது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோனது. பாதை திரும்ப வரவில்லை. ஆனால் இடிந்த சுவர்கள் நிற்கின்றன; ஆயிரக்கணக்கானோர் போய்ப் பார்க்கிறார்கள், நடந்ததைக் கேட்கிறார்கள். வன்னியில் பாதை திரும்பி வந்தது, சுவர்கள் போயின, கேட்பாரும் போயினர். ரயில் கிடைத்ததற்கு வரலாறு விலையாக வேண்டியதில்லை. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

காலமும் அதிகம் இல்லை. 1990இல் இருபது வயதில் கடைசி ரயிலைப் பார்த்தவருக்கு இன்று ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. அன்று நாற்பது வயதில் கடமை பார்த்தவர் எழுபத்தைந்தைக் கடந்துவிட்டார். முள்ளிவாய்க்காலில் எத்தனையோ பேரின் நினைவுகள் அவர்களோடேயே போயின. மிஞ்சியவர்களையும் முதுமை ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போகிறது.

உங்களில் சிலர் தயங்குவீர்கள். தண்டவாளம் அரச சொத்து, சிலிப்பர் எடுத்தோம் என்று சொன்னால் வில்லங்கம் வருமோ என்ற பயம் நியாயமானது. எனவே பெயர் வேண்டாம். யார் எடுத்தார்கள் என்பது தேவையில்லை, எதற்குப் பயன்பட்டது என்பதே தேவை. வேறு சிலருக்கு, வாயைத் திறந்தால் எந்தப் பக்கம் என்று கேட்பார்களே என்ற யோசனை. இங்கே கேட்கப்படுவது ஒரு ஸ்ரேசனைப் பற்றி. அதில் பாய் விரித்துப் படுத்தவரும், மேடையில் கச்சான் விற்றவரும், பாதையால் சைக்கிள் ஓடியவரும் எந்தப் பக்கமும் இல்லை. இன்னும் சிலர், எங்களிட்டை என்ன பெரிய கதை இருக்கு என்பீர்கள். வேல்ஸ் நாட்டில் டைவின் என்ற சிற்றூரில் கற்பலகை ஏற்றிய ஒரு குட்டி ரயில் மூடப்படும் நிலைக்கு வந்தபோது, ஆர்வலர்கள் கூடி 1951இல் தாங்களே அதை ஓட்டத் தொடங்கினார்கள். உலகத்தில் தொண்டர்கள் காப்பாற்றிய முதல் ரயில் பாதை அது. போரையோ இடப்பெயர்வையோ காணாத ஒரு சின்னப் பாதைக்கே அவ்வளவு செய்திருக்கிறார்கள். உங்களிடம் இருப்பது அதைவிடப் பெரிய கதை.

இதில் நடைமுறைப் பயனும் உண்டு. 2022 எரிபொருள் நெருக்கடியில் காங்கேசன்துறைக்கும் முறிகண்டிக்கும் இடையே ‘யாழ் ராணி’ ஓடத் தொடங்கியபோது, சிறிய தரிப்பிடங்களின் பெறுமதி உத்தியோகத்தர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரே கிழமையில் விளங்கியது. எந்த ரயில் எங்கே நிற்க வேண்டும் என்று நாளை ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தால், எங்கள் ஸ்ரேசன் எத்தனை ஊர்களுக்கு வாசலாக இருந்தது என்று தாளில் காட்டக்கூடிய ஊரின் குரல் எடுபடும். பாதுகாப்பற்ற கடவைகளின் பிரச்சினையும் அந்த இடைவெளியோடு சேர்ந்ததுதான். தண்டவாளம் இல்லாத காலத்தில் பாதைக்குக் குறுக்கே ஒழுங்கைகள் உண்டாயின, குடியிருப்புகள் வந்தன. ரயில் திரும்பியபோது அந்த ஒழுங்கைகள் கேற்று இல்லாத கடவைகளாயின. எந்த ஒழுங்கை எப்போது, எதற்காக வந்தது என்று எழுதிவைத்திருந்தால் கேற்றுக் கேட்பதற்கு அதுவே ஆதாரம்.

ஆகவே கேட்பவை இவை.

ஒவ்வொரு ஸ்ரேசனைச் சுற்றியுள்ள ஊர்களும், மாதர் சங்கமோ சனசமூக நிலையமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ எது உயிர்ப்போடு இருக்கிறதோ அதன் மூலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களை முன்னால் இருத்துங்கள். 1990க்கு முன் ஸ்ரேசன் எப்படி இருந்தது என்று மணலில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்: மேடை எங்கே, ரிக்கற் யன்னல் எங்கே, தண்ணீர்த் தாங்கி எங்கே, கடை எங்கே, எந்த மரத்தின் கீழ் வண்டில் நின்றது. அந்தப் படத்தைத் தாளில் எடுங்கள். பிறகு இடைவெளிக் காலத்தை வருடம் வருடமாகக் கேளுங்கள். வருடம் நினைவில்லாவிட்டால் எந்த இடப்பெயர்வுக்கு முன், எந்தப் பிள்ளை பிறந்த பிறகு என்று கேளுங்கள், கணக்கு வந்துவிடும்.

பிள்ளைகளே, பதிவு செய்யும் வேலை உங்களுடையது. கையில் இருக்கும் போனே போதும். அப்புவும் ஆச்சியும் பேசுகிற தமிழைத் திருத்த வேண்டாம். ‘கோச்சி’ என்றால் ‘கோச்சி’ என்றே எழுதுங்கள். 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனிப் பல்கலைக்கழகமானது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இருக்கின்றன, அவற்றின் பக்கத்திலேயே ரயில் நிற்கிறது. அங்கே படிக்கிறவர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் ஆய்வுப் பொருள் கிடைக்காது.

பொருள் எதுவும் மிஞ்சியிருந்தால், மட்டை ரிக்கற்றோ கைவிளக்கோ பழைய மணியோ தண்டவாளத் துண்டோ, இருக்கும் இடத்திலேயே படம் எடுத்து, பக்கத்தில் அதன் கதையை எழுதிவையுங்கள். எழுத்துகளுக்கும் படங்களுக்கும் மூன்று பிரதி வேண்டும். ஒன்று ஊர்ப் பாடசாலை நூலகத்துக்கு. ஒன்று, 2005 முதல் ஈழத்து எழுத்துகளையும் படங்களையும் வாய்மொழிகளையும் இணையத்தில் காத்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு. ஒன்று, 2014 டிசெம்பரில் இலங்கைப் புகையிரதத்தின் 150 வருட நிறைவுக்குத் திறந்த கடுகண்ணாவைத் தேசிய புகையிரத அருங்காட்சியகத்துக்கு. ரயிலில்லாத ரயில் நிலையம் என்ன செய்தது என்பதைத் தெற்கிலிருந்து வருகிற பிள்ளைகளும் அங்கே பார்க்கட்டும்.

ஓய்வுபெற்ற புகையிரத ஊழியர்களே, நீங்கள் சிங்களவராக இருந்தாலும் தமிழராகவோ முஸ்லிமாகவோ இருந்தாலும், உங்கள் பதவிக்காலத்தின் ஒரு பகுதியை இந்தக் காட்டில் கழித்தீர்கள். உங்களில் சிலர் அதே பாதையில் உயிராபத்தையும் கண்டீர்கள். மாங்குளத்தில் கடமை பார்த்த நாட்களை எந்த மொழியிலாவது இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள். மொழிபெயர்க்க ஆட்கள் இருக்கிறார்கள்.

எல்லாம் சேர்ந்த பிறகு ஒவ்வொரு ஸ்ரேசன் சுவரிலும் மூன்று மொழியிலும் ஒரு பலகை வைக்கத் திணைக்களத்திடம் அனுமதி கேளுங்கள். பெரிய செலவில்லை. அதில் 1905 இருக்கட்டும், 1990 இருக்கட்டும், 2013உம் இருக்கட்டும். நடுவிலுள்ள வருடங்களுக்கும் நான்கு வரி இருக்கட்டும். அந்த நான்கு வரியை நீங்களே எழுதுங்கள். கடைசி ரயில் நின்று 2030 யூன் 13உடன் நாற்பது வருடமாகிறது. அந்தத் திகதிக்கு முன் தாண்டிக்குளத்திலிருந்து ஆனையிறவு வரை ஒரு ஸ்ரேசனும் விடுபடாமல் பலகை ஏற வேண்டும். மாங்குளத்தார் முதலில் தொடங்குங்கள். மற்ற ஊர்கள் உங்களைப் பார்த்து வரும். முதற்கூட்டத்தை அடுத்த பள்ளி விடுமுறைக்குள் வையுங்கள்.